பெற்றோல் வாடை வருகிறது என்றால் முதலில் வண்டியைப் பாருங்கள்

சப்ரகமுவத் தோட்டங்களில் வாழும் பெண்கள் நகரத்துக்குப் போவதென்றால் பெரும்பாலும் முச்சக்கர வண்டியில் போவார்கள், அல்லது வானில் போவார்கள். அவசரமென்றால் தோட்டத்து லொறியும் உண்டு. கர்ப்பவதிகள் கிளினிக்குக்குப் போவதும், பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும், இளம் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதும் இவற்றில்தான். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களில் தோட்டத்துப் பாதைகள் செங்குத்தானவை, வளைவுகள் அதிகம். கொஞ்சத் தூரத்துக்கே நீண்ட நேரம் வண்டிக்குள் இருக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பயணங்களைப் பற்றிப் பெண்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. “மிஸ், வண்டிக்குள்ள பெற்றோல் வாடை அடிக்குது. தலை சுத்துது.” அதைச் சாரதியிடம் சொன்னீர்களா என்று கேட்டால், சொன்னபோது கிடைத்த பதில்களையும் சொல்வார்கள். “பெற்றோல்ல ஓடுற வண்டியில பெற்றோல் வாடை வராம மல்லிகைப்பூ வாடையா வரும்?” என்பது ஒன்று. “வயித்துல ஒன்னும் சாப்பிடாம ஏறினா அப்படித்தான்” என்பது இன்னொன்று. அந்தப் பெண் போரிலோ கலவரத்திலோ பாதிக்கப்பட்டவர் என்று தெரிந்திருந்தால் மூன்றாவது பதில் வரும்: “பாவம், அவளுக்குப் பழைய நினைவு.”

மூன்றாவது பதிலை இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றிலும் அதிக ஆபத்தானது அதுவே. கேலி செய்தால் நாம் திருப்பிப் பேசுவோம். இரக்கப்பட்டால் நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடும், வாயை மூடிக்கொள்வோம். வண்டியில் உண்மையாகவே கசிவு இருந்தால் அது அப்படியே தொடரும்.

வண்டிக்குள் வரும் எரிபொருள் வாடை எங்கிருந்து வருகிறது என்பதை நாமே எப்படிக் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்ததைச் சாரதியிடமும் கராஜிலும் எப்படிச் சொல்லலாம் என்பதைப் பார்ப்போம். இதற்கு வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூக்கும் கொஞ்சம் கவனமும் போதும்.

எமக்கும் இந்த வாடைக்கும் உள்ள பழக்கம்

எரிபொருள் வாடை எம்மவர்களுக்கு வெறும் வாடையாக இருப்பதில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் நடந்த வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டம் உட்பட மலையகத்தின் பல இடங்களில் லயங்கள் எரிக்கப்பட்டன. அந்த நாட்களில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் உண்டு. போன இடத்தில் போர் அவர்களைப் பிடித்துக்கொண்டது. 2009இல் எல்லாம் முடிந்த பின்னர், முகாம் வாழ்க்கையும் கழிந்து, சிலர் சப்ரகமுவவில் இருக்கும் உறவினர்களிடம் திரும்பி வந்தார்கள்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்தவர்களுக்கு வேறொரு நினைவும் இருக்கும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமற் போனது. மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடில்லாமல் எளிதில் ஆவியாகாது. அந்தச் சில துளிகள் இல்லாமல் எஞ்சின் இயங்காததற்குக் காரணம் அதுதான். சரியாக எரியாத மண்ணெண்ணெய்ப் புகை கண்ணை எரிக்கும், துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்த வாடையை மறந்தவர்கள் குறைவு.

அதற்குப் பிறகு வந்தது 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி. மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் வரிசைகள். கேகாலை மாவட்டத்தின் ரம்புக்கனையில் 2022 ஏப்ரல் 19ஆம் திகதி எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். முதல் நாள் நள்ளிரவில்தான் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 254 ரூபாவிலிருந்து 338 ரூபாவாக ஏறியிருந்தது. போரைக் கண்ட பெண்களுக்கு வரிசையும் ஆயுதமும் பெற்றோல் வாடையும் மறுபடி ஒரே இடத்தில் சேர்ந்தன.

ஆகவே இந்த வாடை நம் நெஞ்சைப் படபடக்க வைத்தால் அதில் வியப்பில்லை. மூக்கிலிருந்து போகும் நரம்புகள், மூளையில் பயத்தையும் நினைவையும் கையாளும் பகுதிகளோடு நெருக்கமாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வாடை பழைய நாளொன்றை நொடியில் கண்முன் கொண்டுவருவது அதனால்தான். இது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல. ஆனால் நினைவு எழுந்தது என்பதற்காக வாடை பொய்யாகிவிடாது.

பயமா, கசிவா?

கேகாலை மாவட்டத் தோட்டமொன்றில் நான் சந்தித்த தாயொருவரின் அனுபவம் இதை நன்றாக விளக்கும். வன்னியிலிருந்து 2009க்குப் பின் திரும்பி வந்தவர். மாதமொருமுறை மருந்தெடுக்க நகரத்துக்குப் போய் வருவார். திரும்பி வரும்போது பாதி மேட்டில் முச்சக்கர வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். மீதி மேட்டை, மருந்துப் பையோடு, நடந்தே ஏறுவார். வாடை தாங்க முடியவில்லை, உடம்பெல்லாம் வியர்க்கிறது என்பது அவர் சொன்ன காரணம். லயத்தில் எல்லோரும் அதை மனநோய் என்றே முடிவு செய்திருந்தார்கள். அவரும் அப்படியே நம்பத் தொடங்கியிருந்தார்.

நான் அவரிடம் கேட்டது ஒரே விடயம்: வாடை எப்போது வருகிறது? அவர் யோசித்துச் சொன்னார். காலையில் இறங்கிப் போகும்போது வருவதில்லை. திரும்பி வரும்போதுதான் வருகிறது. அதுவும் சந்தியிலுள்ள செட்டில் பெற்றோல் அடித்த பிறகுதான். மேடு தொடங்கியதும் கூடுகிறது. செட்டுக்குப் போகாத நாட்களில்? “அந்த நாள்ல வீடு வரைக்கும் வந்திருக்கேன் மிஸ்.”

பழைய நினைவுக்குப் பெற்றோல் அடித்த நாள், அடிக்காத நாள் என்று கணக்குத் தெரியாது. தாங்கி நிறைந்திருக்கும்போது, மேட்டில் வண்டி பின்பக்கம் சாயும்போது, வாடை வருகிறதென்றால் தாங்கியின் மேல் பகுதியிலோ மூடியிலோ கோளாறு இருக்க வேண்டும். சாரதியான தம்பி நல்லவர்; சொன்னதும் பார்த்தார். தாங்கி மூடிக்குள் இருக்கும் இறப்பர் வொஷர் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. மேட்டில் பெற்றோல் அதனூடாகக் கசிந்து, சூடான எஞ்சின் இருக்கும் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாயின் பயம் ஒரு வண்டி தீப்பிடிப்பதைத் தடுத்திருக்கலாம்.

வொஷரை மாற்றிய பிறகு வாடை நின்றது. ஆனால் அவருடைய படபடப்பு உடனே நிற்கவில்லை. அந்த மேடு வந்தால் இன்னும் சில வாரங்கள் கை நடுங்கியது. அதற்குத் தனியாக உதவி தேவைப்பட்டது. கசிவும் உண்மை, பயமும் உண்மை. முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும், பிறகு மனதைப் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் இரண்டுமே தீராது.

சாரதிக்கு ஏன் தெரிவதில்லை?

“எனக்கு ஒரு வாடையும் வரலையே” என்று சாரதி சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. எமது பாதைகளில் ஓடும் முச்சக்கர வண்டிகளில் எஞ்சினும் பெற்றோல் தாங்கியும் பின்பக்கத்தில் இருக்கின்றன. நாம் உட்காரும் இருக்கை அவற்றோடு ஒட்டியிருக்கிறது. சாரதி முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே வண்டியில் போகிற இருவர் இருவேறு காற்றைச் சுவாசிக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே வாடையில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதைப் பதிவதை நிறுத்திவிடும். இறப்பர் பால் உறைய வைக்கும் இடத்தில் அசிட் ஊற்றுகிறவர்களுக்கு இது தெரியும்: புதிதாக உள்ளே வருபவர் மூக்கைப் பிடிப்பார், உள்ளே வேலை செய்பவர் சாதாரணமாக நிற்பார். நாள் முழுதும் வண்டியில் இருக்கும் சாரதிக்கும் அதேதான். எனவே வாடையைச் சோதிக்கும்போது வண்டியை விட்டு இறங்கி, ஐந்து பத்து நிமிடம் நல்ல காற்றில் நின்று, பிறகு உள்ளே தலையை நீட்டிப் பார்க்க வேண்டும். சாரதியையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். வாக்குவாதம் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

மூன்று கேள்விகள்

எந்த வாடை, எப்போது வருகிறது, எங்கே அதிகம் என்ற மூன்றுக்கும் விடை இருந்தால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது.

*எந்த வாடை?* பெற்றோல் வாடை கூர்மையானது. மூக்கில் சுருக்கென்று ஏறும். காற்று வந்தால் சீக்கிரம் போய்விடும். டீசல் எண்ணெய்ப் பிசுக்குள்ள வாடை. கையிலும் சேலையிலும் ஒட்டினால் கழுவினாலும் போகாது. மண்ணெண்ணெய் எமக்கு வீட்டு விளக்கிலிருந்தே பழக்கம். பெற்றோல் வண்டியில் மண்ணெண்ணெய் வாடையும் வெள்ளைப் புகையும் வந்தால், எரிபொருளில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். விலை குறைவாக இருந்த காலத்தில் இப்படிக் கலப்பது நடந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிய பின்னர் அதில் இலாபம் குறைந்தது. பிளாஸ்டிக் எரியும் வாடை வந்தால் வயர் சூடாகிறது. அழுகிய முட்டை வாடை பெரும்பாலும் பற்றரியிலிருந்து வரும். இவை இரண்டும் எரிபொருள் வாடை அல்ல. ஆனால் எரிபொருள் வாடையோடு சேர்ந்து வந்தால் உடனே இறங்கிவிட வேண்டும்.

*எப்போது?*

பெற்றோல் அடித்த பிறகு மட்டும் வந்து, தாங்கி பாதியானதும் நின்றால்: தாங்கியின் மூடி, நிரப்பும் குழாய், அல்லது தாங்கியின் மேல்பக்க ஹோஸில் கோளாறு.

தாங்கியில் எவ்வளவு இருந்தாலும் எப்போதும் வந்தால்: தாங்கியின் அடிப்பக்கம், எஞ்சினுக்குப் போகும் ஹோஸ், அதைப் பிடித்திருக்கும் கிளிப், அல்லது பெற்றோல் திறக்கும் டெப்.

வண்டியை நிறுத்தி வைத்த பிறகு கூடினால்: கார்பரேட்டரில் பெற்றோல் நிரம்பி வழிகிறது, அல்லது மெதுவாகச் சொட்டுகிறது.

காலையில் எஞ்சினை இயக்கும்போது சற்று நேரம் மட்டும் வந்து போனால்: குளிர்ந்த எஞ்சினில் எரியாத பெற்றோல். இது பழைய வண்டிகளில் ஓரளவு சாதாரணம். நாளுக்கு நாள் கூடினால் சாதாரணமல்ல.

வானில் ஏசியோ காற்றாடியோ போட்டால் மட்டும் வந்தால்: எஞ்சின் பகுதியில் உள்ள கசிவின் வாடை காற்றோடு உள்ளே இழுக்கப்படுகிறது.

*எங்கே?* எமது பக்கம் ஓடும் பழைய வான்கள் பலவற்றில் எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. அதை மூடும் தகட்டைச் சுற்றி இறப்பர் விளிம்பு இருக்க வேண்டும். அது கிழிந்திருந்தால் முன் இருக்கையில் உள்ளவர்களுக்கு டீசல் வாடையும் சூடும் வரும். பின் இருக்கையில் மட்டும் புகை வாடை வந்தால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்கலாம், அல்லது பின்கதவின் இறப்பர் போயிருக்கலாம். ஓடும் வானின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், வெளியேறும் புகை பின்கதவு இடுக்கு வழியாக உள்ளேயே திரும்பி இழுபடும். பின்கதவைக் கயிற்றால் கட்டித் திறந்து வைத்துக்கொண்டு போனால் காற்று வரும் என்று நினைக்கிறோம், வருவது புகை.

தரை மட்டத்தையும் மறக்க வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது; கீழே இறங்கித் தரையோடு தேங்கும். இருக்கை போதாமல் பிள்ளைகளைக் கீழே உட்கார வைக்கிற வண்டிகளில், அதிகம் சுவாசிப்பவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

அட்டைப் பெட்டிச் சோதனை

இதை யாரும் செய்யலாம். இரவில் வண்டி நிற்கும் இடத்தில், அதன் கீழே ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்து வையுங்கள். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று பேனாவால் எழுதுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். கறுப்புக் கறை எஞ்சின் ஒயில். எண்ணெய்ப் பிசுக்கோடு விரிந்திருக்கும் கறை டீசல். பெற்றோல் காய்ந்து மங்கலான தடம் மட்டும் விட்டிருக்கும்; முகர்ந்தால் தெரியும். ஏசியிலிருந்து சொட்டும் நீருக்கு வாடை இல்லை. கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலேயோ, அதற்குச் சற்று முன்னாலோதான் கசிவு இருக்கும்.

பார்ப்பதற்கு டோர்ச் மட்டுமே பாவிக்க வேண்டும். தீக்குச்சி, மெழுகுவர்த்தி, குப்பி விளக்கு, சிகரட் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. எஞ்சின் ஆறிய பிறகே தொட வேண்டும். பெற்றோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதும்.

வாடையே இல்லாத ஆபத்து

வாடை வருவது ஒரு வகையில் நல்லது, அது எச்சரிக்கிறது. எஞ்சின் புகையில் உள்ள காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், தூக்கக் கலக்கம், கால் சோர்வு என்பன அறிகுறிகள். கர்ப்பவதிக்கும் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் இது கூடிய ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரே வானில் போகும் நான்கைந்து பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடி வருகிறதா? இறங்கி அரை மணியில் குறைகிறதா? விடுமுறை நாட்களில் வருவதே இல்லையா? அப்படியானால் அது வெறும் வயிறும் அல்ல, கர்ப்பத்தின் வாந்தியும் அல்ல. காலையில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் வானில் தூங்கிவிழுவதை “களைப்பு” என்று விட்டுவிடுகிறோம். களைப்பாகவும் இருக்கலாம். வானின் தரையில் துரு பிடித்த ஓட்டை இருக்கிறதா என்று ஒருமுறை பாயைத் தூக்கிப் பார்த்த பிறகு அந்த முடிவுக்கு வரலாம்.

வசதியுள்ள நாடுகளிலும் இது நடக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வாகனங்களுக்குள் புகை வாடை வருவதாகப் பலர் எழுத்தில் முறையிட்டதால், 2016இல் அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனம் விசாரணை தொடங்கியது. முறையிட்டவர்களில் பொலிஸாரும் இருந்தார்கள். நிறுவனம் 2017இல் இலவசமாகத் திருத்திக் கொடுக்க முன்வந்தது. 2023இல் விசாரணை, கட்டாயமாகத் திரும்பப் பெறும் உத்தரவு இல்லாமல் முடிந்தது. சாதனங்கள் பொருத்தத் துளையிட்டு, அந்தத் துளைகளைச் சரியாக அடைக்காத வாகனங்களில் பிரச்சினை கூடுதலாக இருந்ததாகத் தெரியவந்தது. எங்கள் வான்களிலும் இருக்கை கூட்டவும், ஸ்பீக்கர் பூட்டவும் துளையிடுகிறார்கள். அடைக்கிறார்களா என்று யார் பார்க்கிறார்கள்?

வண்டியில் ஏற்றும் கலன்கள்

சிலவேளை வண்டியில் ஒரு குறையும் இருக்காது. வாடை இருக்கைக்குப் பின்னால் வைத்த கலனிலிருந்து வரும். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளில் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு எரிபொருள் கொண்டுபோவதும், புல் வெட்டும் மெசினுக்குப் பெற்றோல் கொண்டுபோவதும் இதே முச்சக்கர வண்டிகளில்தான். கலன் இறங்கிவிடும், சிந்திய பெற்றோல் பாயிலும் மெத்தையிலும் இருக்கும். அடுத்ததாக ஏறுபவர் குழந்தையோடு ஒரு தாயாக இருக்கலாம். பம்பு துடைத்த பழந்துணியை இருக்கைக்குக் கீழே சொருகி வைப்பதும் இதே வேலையைச் செய்யும்.

2022இல் முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் என்று கோட்டா வந்தபோது, கிடைத்ததைச் சோடாப் போத்தல்களிலும் கலன்களிலும் சேர்த்து வைக்கும் பழக்கம் பரவியது. நெருக்கடி தணிந்த பிறகும் அந்தப் பழக்கம் சில வீடுகளில் தங்கிவிட்டது. லயத்துக் காம்பராவில் கட்டிலுக்குக் கீழே பெற்றோல், சில அடி தள்ளி விறகடுப்பு. ஆவி தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் முழு லயமும் போகும்; கூரை ஒன்றுதான். எரிபொருளைக் காம்பராவுக்குள் வைக்கவே கூடாது. சோடாப் போத்தலில் வைக்கவும் கூடாது. எமது நாட்டில் சின்னப் பிள்ளைகள் மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்துவிடுவது வழமையாக நடக்கும் விபத்து. அப்படிக் குடித்துவிட்டாலோ, குழாயில் வாயால் உறிஞ்சும்போது பெற்றோல் உள்ளே போய்விட்டாலோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

சாரதியிடமும் கராஜிலும்

“உங்க வண்டி சரியில்ல” என்று தொடங்கினால் சண்டைதான் வரும். “தம்பி, செட்டுல அடிச்ச பிறகு மேட்டுல வாடை வருது. மூடிய ஒருக்கா பாப்பமா?” என்று சொல்லிப் பாருங்கள். நேரமும் இடமும் சேர்ந்து வந்தால் முறைப்பாடு தகவலாகிவிடும். எமது பகுதிகளில் சாரதிகளும் கராஜ்காரர்களும் பலர் சிங்களவர். வடக்கு கிழக்கிலிருந்து வந்து சிங்களம் பழகாத சகோதரிகள் இரண்டு வசனங்களை மனதில் வைத்திருங்கள். “பெற்றல் கந்தக் எனவா” என்றால் பெற்றோல் நாற்றம் வருகிறது என்று பொருள். “வாகனே நவத்தன்ன” என்றால் வண்டியை நிறுத்துங்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை. தெளிவாகச் சொன்னால் போதும்.

வேலையைப் பார்க்கும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். தாங்கியில் கசியும் இடத்தில் சவர்க்காரம் தேய்ப்பது கராஜ் வரை போவதற்கான ஒட்டு மட்டுமே. அதோடு மாதக் கணக்கில் ஓடக்கூடாது. பெற்றோல் தாங்கியைக் கழுவி ஆவி நீக்காமல் வெல்ட் செய்யக்கூடாது. வெற்றுத் தாங்கியில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். மூன்றாவது, “புகைச் சான்றிதழ் இருக்கு” என்ற பதில். அந்தச் சோதனை சைலன்சரிலிருந்து வரும் புகையை அளப்பது. ஹோஸ் கசிவதையோ மூடி தேய்ந்ததையோ அது சொல்லாது. ஹோஸ், கிளிப், வொஷர் ஆகியன வண்டியின் மிகச் சிறிய செலவுகளில் அடங்குபவை.

ஒருவராகச் சொல்லிக் கேட்காவிட்டால் பலராகச் சொல்லுங்கள். மாத வாடகை கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார் சேர்ந்து, எந்த நாள், எங்கே, யாருக்கு என்ன ஆனது என்று ஒரு கொப்பியில் இரண்டு கிழமை எழுதுங்கள். எழுதிய கொப்பியை வைத்துப் பேசும்போது “பழைய நினைவு” என்று யாரும் சொல்ல முடியாது.

வண்டியில் இருக்கும்போது

வாடை திடீரென்று கூடினால் வண்டியை நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைக்கச் சொல்லி, பிள்ளைகளோடு இறங்கி மேட்டுப் பக்கமாகக் காற்று வரும் திசையில் நில்லுங்கள். ஆவி பள்ளத்தை நோக்கித்தான் இறங்கும். உடையில் பெற்றோல் பட்டிருந்தால் அடுப்பருகே போகுமுன் மாற்றுங்கள். தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

வண்டியைப் பார்த்து, குறையைத் தீர்த்த பின்பும் நெஞ்சு படபடத்தால், அது ஆறுவதற்கு நேரம் எடுக்கும். இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். வெளியே தெரிகிற ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: பால் சிரட்டை, பாக்கு மரம், பாலம், கோயில், கடை. இன்றைய பாதையில் இன்றைக்குப் போகிறோம் என்பதை உடம்புக்கு அவை சொல்லும். கூட வரும் ஒருவரிடம் “நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்தச் செய்” என்று முன்பே சொல்லி வையுங்கள். நிறுத்தலாம் என்ற உறுதி இருந்தாலே பலருக்கு நிறுத்த வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குப் பயம் தொடர்ந்தால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்கை நாடுங்கள்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்குங்கள். யார் யார் எந்த வண்டியில் போகிறார்கள், எந்த வாடை, எப்போது, எங்கே என்று கேட்டு எழுதுங்கள். மறுநாள் காலையில் அட்டைப் பெட்டியை எடுத்துப் பார்க்க இரண்டு பேர் போதும்.